எந்தக் கார் நடுவழியில் விடாது? கடலூர் வாசகிக்கு ஒரு வாகன சர்வேயரின் பதில்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய மாமனாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை, காலை ஆறு மணி ஷிஃப்ட். வழக்கமாக வரும் வாடகைக் கார் போன மாதம் ஒருநாள் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. விடிவதற்கு முன், இருட்டில், எழுபத்து நான்கு வயதுக்காரரை ஒரு பூட்டிய கடையின் படியில் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். “அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும், இது போய்ச் சேருமாம்மா என்று கேட்கிறார் சார்” என்று எழுதியிருக்கிறார். அதனால் சொந்தமாக ஒரு கார். நகைக்கடனும் சேர்த்துக் கையில் இருப்பது எட்டு லட்சம். ஓட்டப்போவது கணவர்; அவருக்கு இடது முழங்கால் வலி, கிளட்ச் மிதிப்பது சிரமம்.

நான்கு வண்டி பார்த்து வைத்திருக்கிறார்கள். முதலாவது, 2020 ஆகஸ்டில் பதிவான டீசல் காம்பாக்ட் எஸ்யூவி, பி.ஒய்.-01 என்ற புதுச்சேரி நம்பர், 68,000 கிலோமீட்டர், புரோக்கர் சொல்லும் விலை ஆறே முக்கால் லட்சம். டீசல் என்றால் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் அசையாது என்று தம்பி அடித்துச் சொல்கிறார். இரண்டாவது, பழைய கார் விற்கும் ஒரு ஷோரூமில் இருக்கும் 2021 மாடல் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி, அதனால் பழுதே வராது என்பது கணவரின் நம்பிக்கை. மூன்றாவது, புது சின்ன பெட்ரோல் கார், ஏஎம்டி கியர் (கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும் கியர்), ஆன்ரோடு எட்டு லட்சத்துக்குள் வருகிறது. “தகர டப்பா” என்று வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நான்காவது, மகன் சொல்லும் பழைய எலெக்ட்ரிக் கார். எந்த வகை நம்பகமானது என்று கேட்டிருக்கிறார். டீசல் வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ் நகல்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அது ரொம்ப நல்ல காரியம், ஏன் என்று சொல்கிறேன்.

சகோதரி, எனக்கு வேலையே நொறுங்கிய, நனைந்த, நின்றுபோன வண்டிகளைப் பார்ப்பதுதான். விபத்து நடந்தாலும் வெள்ளம் வந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து, என்ன போச்சு, எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுப்பேன். அதனால் வண்டிகளை அவை ஓடும் நாளில் பார்ப்பதைவிட ஓடாத நாளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: டீசல் நம்பகமா பெட்ரோல் நம்பகமா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் ஒழுங்கான பதில் தர முடியாது. உங்கள் வீட்டு ஓட்டத்துக்கு, உங்கள் ஊர்க் காற்றுக்கு, இதுவரை இந்த வண்டிக்கு நடந்ததற்கு எது பொருந்தும் என்று கேட்டால் பதில் உண்டு.

எந்தப் பழுதை எண்ணுவது?

மகன் இரண்டு வெளிநாட்டுப் பட்டியல் காட்டியதாகவும், ஒன்றில் எலெக்ட்ரிக் காருக்கு அதிகப் பழுது, இன்னொன்றில் குறைவு என்று இருப்பதாகவும், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் உறுப்பினர்களிடம் அவர்கள் காரில் என்னென்ன தொல்லை வந்தது என்று கேட்டுக் கணக்கெடுக்கிறது. 2023-ல் அவர்கள் சொன்னது, பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் காருக்கு 79 சதவீதம் அதிகத் தொல்லை, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டுக்கு 26 சதவீதம் குறைவு. அந்தக் கணக்கில் டச் ஸ்கிரீன் உறைந்து போனதும் ஒரு தொல்லை, கதவு ரப்பர் சத்தம் போடுவதும் ஒரு தொல்லை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. மோட்டார் சங்கம் வேறு மாதிரி எண்ணுகிறது. வண்டி ரோட்டில் நின்று, இவர்களின் உதவி வண்டியைக் கூப்பிட்டால்தான் அங்கே கணக்கு. 2024-ல், இரண்டு முதல் நான்கு வயதான கார்களில், ஆயிரத்துக்கு எலெக்ட்ரிக் கார் 4.2 தடவை நின்றது, பெட்ரோல் டீசல் கார் 10.4 தடவை நின்றது.

உங்கள் மாமனாருக்கு எந்தக் கணக்கு முக்கியம்? பாட்டுப் பெட்டி வேலை செய்யாவிட்டாலும் டயாலிசிஸுக்குப் போய்விடலாம். அதனால் நீங்கள் எண்ண வேண்டியது வண்டியை நிற்க வைக்கும் பழுதை மட்டும்தான். மற்றதெல்லாம் செலவு, எரிச்சல், அவ்வளவுதான். அந்த ஜெர்மன் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை நம்மூரில் யாரும் கவனிப்பதில்லை: வண்டி நிற்பதற்கு முதல் காரணம் எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பத்தில் நாலு தடவைக்கு மேல் அதுதான். எலெக்ட்ரிக் காருக்கும் அந்தச் சின்ன பேட்டரி உண்டு, அது போனால் அதுவும் நிற்கும். எந்த வண்டி வாங்கினாலும், பேட்டரிக்கு மூன்று வருஷம் முடிந்ததும் அது நன்றாக இருக்கும்போதே டெஸ்ட் பண்ணி மாற்றிவிடுங்கள். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. அரியாங்குப்பத்தில் நடந்தது மறுபடி நடக்காமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

அந்த டீசல் வண்டி

உங்கள் தம்பி சொல்வது பொய் இல்லை, ஆனால் அது பழைய காலத்து உண்மை. மூன்று லட்சம் நாலு லட்சம் ஓடிய டீசல் வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் பெரும்பாலும் டாக்சி. காலையில் சூடானால் ராத்திரிவரை ஆறாமல் ஓடுகிற வண்டிகள், எளிமையான பழைய எஞ்சின்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துத் தீர்க்க வேண்டும், அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்கு ஓரளவு வேகத்தில் நிற்காமல் பதினைந்து இருபது நிமிஷ ஓட்டம் வேண்டும். நீங்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்குப் போய் வருவது அதற்குப் போதாது. வாரம் இரண்டு முறை புதுச்சேரி ஓட்டம் இருப்பதால் ஓரளவு தப்பிக்கும், அதுவும் அதிகாலையில் போகும்போதுதான். திரும்பி வரும்போது முதலியார்பேட்டை, மரப்பாலம், அரியாங்குப்பம் என்று ஊர்ந்து வந்தால் கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்றுபோகும். இப்படியே போனால் எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொண்டு தவழும்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். போக வர ஐம்பது கிலோமீட்டர், வாரம் இரண்டு முறை, பள்ளி ஓட்டம், நடுவில் ஒரு வடலூர், ஒரு சிதம்பரம். எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டாது. இதில் டீசலால் மிச்சமாவது இன்றைய விலையில் சுமார் பத்தாயிரம், பதினோராயிரம் ரூபாய். ஒரு இன்ஜெக்டர் செட்டோ டர்போவோ போனால் பல வருஷ மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். கணவரின் முழங்காலைச் சொல்லிவிட்டு, கிளட்ச் மிதித்து ஓட்டும் இந்தக் கியர் வண்டியை முதலாவதாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். நீங்கள் அனுப்பிய இன்சூரன்ஸ் நகலைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2025 ஆகஸ்டில் புதுப்பித்த பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறது. முதல் ஓனர், ஐந்து வருஷம் ஒழுங்காக இன்சூரன்ஸ் கட்டியவர், ஒரு கீறல்கூட இல்லை என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கிளெய்மே இல்லாமல் ஐந்து வருஷம் கடந்தால் போனஸ் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நாலுக்கு 45, ஐந்துக்கு 50. அது பூஜ்யம் ஆனால் பொதுவாக மூன்று காரணம்: வண்டி கை மாறியிருக்கும், அல்லது பாலிசி தொண்ணூறு நாளுக்கு மேல் விட்டுப் போயிருக்கும், அல்லது முந்தைய பாலிசி வருஷத்தில் கிளெய்ம் வாங்கியிருப்பார்கள். முதல் இரண்டும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் 2024 ஆகஸ்டுக்கும் 2025 ஆகஸ்டுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

அந்த நடுவில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு நெருக்கமான மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறியது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த டிசம்பரில் நான் பார்த்த வண்டிகளை இன்னும் மறக்க முடியவில்லை. குண்டு உப்பலவாடி பக்கம் ஒரு கார், வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன். கடைசி ஒன்றரை அடி மட்டும் பழுப்பு நிறம், விரலில் தேய்த்தால் வண்டல். டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஓனர் சாவியைப் போட்டுக் காட்டினார், ஸ்டார்ட் ஆனது, சத்தம்கூட நன்றாகத்தான் இருந்தது. அந்த வண்டி உடனே நிற்காது, ஆறு மாதம் கழித்து ஒரு ஈரமான காலையில் காரணமே தெரியாமல் நிற்கும். ஓடும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதைவிட மோசம். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு லேசாக வளையும், வளைந்தபடியே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒருநாள் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பழுது பார்க்கும் செலவு வண்டியின் ஐடிவியில், அதாவது பாலிசியில் எழுதியிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாக எழுதி, வண்டியை இருக்கும் நிலையிலேயே ஏலத்தில் விட்டுவிடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் அதைச் சரிபண்ணி விற்பதும் உண்டு. நீங்கள் பார்த்த வண்டி அப்படிப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. பம்பர் இடித்து கிளெய்ம் வாங்கியிருந்தாலும் போனஸ் பூஜ்யம்தான் ஆகும். ஆனால் “சீட் கவர், கார்ப்பெட் எல்லாம் புத்தம் புதுசாப் போட்டிருக்காங்க, உள்ளே நல்ல வாசனை” என்று நீங்கள் பாராட்டி எழுதியிருக்கும் இரண்டும் எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகின்றன. ஐந்து வருஷ வண்டிக்கு யாரும் காரணமில்லாமல் கார்ப்பெட் மாற்றுவதில்லை.

இந்த வண்டிதான் வேண்டும் என்றால் பணம் பேசுவதற்கு முன் ஓனரிடம் (புரோக்கரிடம் இல்லை) அந்த கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். பாலிசி அவர் பெயரில் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அவரே கேட்டு வாங்கலாம், மெயிலில் வந்துவிடும். தயங்கினார் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தந்தால், அப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் நாலு பெல்ட்டையும் முழுசாக இழுங்கள், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள், சீட் தண்டவாளத்தின் போல்ட் துருவைப் பாருங்கள், புதுக் கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பிக் கை வையுங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்புவது இன்று பத்து நிமிஷ வேலை. அதனால் 68,000 என்ற எண்ணை சர்வீஸ் பில்களில் வருஷா வருஷம் பதிவான எண்ணோடு ஒத்துப்பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எல்லா டயரும் ஒரே தேதியில் மாற்றப்பட்டிருந்தால் ஏன், எந்தக் கிலோமீட்டரில் என்று கேளுங்கள்.

பி.ஒய். நம்பரும் “அப்புறம் மாத்திக்கலாம்” என்ற பேச்சும்

கடலூரில் பாதிப் பேர் பி.ஒய். வண்டிதானே ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுகிறார்கள். சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நீங்கள் கடலூரில் குடியிருப்பவர், வண்டியும் உங்கள் வாசலில் நிற்கப்போகிறது. அப்புறம் புதுச்சேரி விலாசம் ஒன்றைக் காட்டுவது வீண் வம்பு. அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டி, பெயர் மாற்றி, நம்பர் மாற்ற வேண்டும். அந்த வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் விலை குறைவு என்ற கவர்ச்சி பெரும்பாலும் கரைந்துவிடும். ஆறே முக்கால் லட்சம் என்பது உங்களுக்கு முழு விலை இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, பணத்தைக் கொடுத்து வண்டியை எடுங்கள், ஆர்சி பழைய ஓனர் பெயரிலேயே இருக்கட்டும், மெதுவாக மாற்றலாம் என்று புரோக்கர் சொன்னது. வண்டி விற்றதை விற்றவர் 14 நாளுக்குள் (வெளிமாநிலம் என்றால் 45 நாள்) ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் ஒரு விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது விற்றவருக்குத் தலைவலி. உங்களுக்கு என்ன தலைவலி என்றால், வண்டிக்கு ஆன சேதத்துக்கு நீங்கள் ஒரு பைசா வாங்க முடியாது, ஏனென்றால் பாலிசி உங்கள் பெயரில் இல்லை. சேதத்தைக் கணக்குப் போட்டு எழுதியபின், காகிதத்தில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்து, “இது வராதுங்க” என்று சொல்லவேண்டி வந்த வீடுகள் எனக்கு நினைவிருக்கின்றன. நகையை அடகு வைத்து வாங்குகிற வண்டிக்கு அந்த நிலை வேண்டாம்.

ஐந்து நட்சத்திரம், ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக்

நட்சத்திரம் வேறு, நம்பகம் வேறு. குளோபல் என்கேப் ஆகட்டும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் ஆகட்டும், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்றுதான் சோதிக்கின்றன. வண்டி ஆறாம் வருஷம் காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பது அந்தச் சோதனையிலேயே இல்லை. நட்சத்திரம் தேவையில்லை என்று சொல்லவில்லை, ரொம்பத் தேவை, ஆனால் அது இன்னொரு கேள்விக்கான பதில்.

அந்த ஷோரூம் வண்டியின் கியர் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. மாடலை வைத்துப் பார்த்தால் டூயல் கிளட்ச், அதாவது டிசிடி. ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் வகை, சித்திரை வெயிலில் இந்திரா காந்தி சிலையிலிருந்து அடி அடியாக நகரும்போது சூடேறும், எச்சரிக்கை காட்டும், ரொம்பச் சூடானால் ஓரமாக நிறுத்தி ஆறவிடச் சொல்லும். வாரண்டி முடிந்த டிசிடியை உங்கள் பட்ஜெட்டில் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆட்டோமேட்டிக்கில் மற்ற வகைகளும் உண்டு: டார்க் கன்வெர்ட்டர் வகை உறுதியானது, ஆயில் மாற்றினால் வருஷக்கணக்கில் உழைக்கும். சிவிடி மென்மையானது, ஆயிலில் சோம்பல் பட்டால் மன்னிக்காது. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார் மாற்றுகிறது. கியர் மாறும்போது தலை லேசாக ஆடும், சொகுசு குறைவு. ஆனால் பழுது வந்தால் கடலூரிலேயே கை வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பில்லும் தாங்கும்.

பழுது குறைவு என்று அந்த அமெரிக்கக் கணக்கு சொன்ன ஹைபிரிட், அதிலும் டொயோட்டா வகை, உண்மையிலேயே எனக்குப் பிடித்த அமைப்பு: தேய்கிற கிளட்ச் இல்லை, சிவிடி பெல்ட் இல்லை, தனி செல்ஃப் மோட்டார்கூட இல்லை. எட்டு லட்சத்துக்குள் நல்லதாக வராது, அதனால் விட்டுவிடுவோம்.

மகனின் எலெக்ட்ரிக் யோசனையைச் சின்னப் பையன் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அவன் சொல்வதில் சாரம் இருக்கிறது. எஞ்சின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட் எதுவும் இல்லை, தினம் ஐம்பது கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, முழங்காலுக்கும் நல்லது. பெரிய பேட்டரிக்குப் பொதுவாக எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். பழைய வண்டியில் அந்த வாரண்டி இரண்டாம் ஓனருக்கும் அப்படியே வருமா என்பதை கம்பெனியிடமே எழுத்தில் வாங்க வேண்டும். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. 2011 தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வீட்டில் ஒரே வண்டி, அதுவும் டயாலிசிஸுக்கான வண்டி என்றால், புயல் காலத்தில் ஜெனரேட்டர் போட்டு ஓடும் பெட்ரோல் பங்க்கை நம்பிப் போகலாம், வீட்டுச் சார்ஜரை நம்ப முடியாது. இரண்டாவது வண்டியாக எப்போதாவது வாங்கும்போது மகன் சொன்னதை வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்

அந்த “தகர டப்பா”வைத்தான் வாங்குவேன். டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல், ஏஎம்டி, புதுசு. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆகிவிட்டதால், பழசுக்கும் புதுசுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எட்டு லட்சத்தில் வாரண்டியோடு, யாருடைய வெள்ளமும் விபத்தும் ஏறாத வண்டி கிடைக்கிறது. ஏர்பேக் ஆறு இருக்கும் வேரியன்ட்டைக் கேளுங்கள், அலாய் வீலையும் பெரிய ஸ்கிரீனையும் விடுங்கள். மிச்சமாகும் காசில் நீட்டிக்கப்பட்ட வாரண்டியும், இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனும் போடுங்கள். சாதாரண முழு பாலிசியில் தண்ணீர் புகுந்து எஞ்சின் உடைந்தால் பெரும்பாலும் வராது. ஆட்-ஆன் இருந்தால் வரும். நம் ஊரில் இதை விட்டுவிட்டு பாலிசி போடவே கூடாது.

கடல் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உப்புக்காற்று எஞ்சின் வகை பார்க்காது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகப் படியும், அது நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பேட்டரி முனை, எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம், ஏசி கண்டென்சர், வண்டியின் அடிப்பாகம். டெலிவரி எடுத்த வாரமே அடிப்பாகத்துக்கு ஆன்டி-ரஸ்ட் கோட்டிங் போட்டு, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடியில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள்.

புது வண்டியிலும் பழுது வரலாம். வந்தால் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு என்ற வேலைச் சீட்டில் நீங்கள் சொன்ன குறையை சர்வீஸ் சென்டரில் எழுதுகிறார்களா என்று பார்த்து நகல் வாங்கி வையுங்கள். “செக் பண்ணிட்டோம், ஓகே” என்று வாயால் சொல்வது நாளைக்குச் சாட்சி ஆகாது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்க முடிந்தால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வண்டி புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், உங்கள் தொகைக்கு கட்டணம் 200 ரூபாய். பழைய வண்டி என்றால், கடை வைத்து விற்கும் டீலரை இதே சட்டத்தில் கேட்க முடியும். 2023 ஏப்ரல் முதல் அப்படி விற்பவர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். தனி ஆளிடம் புரோக்கர் மூலம் வாங்கினால் இந்த வழி ஏறக்குறைய மூடிவிடும்.

எந்த வண்டியும் நூற்றுக்கு நூறு என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. அதனால் காலை நாலரைக்கு போன் எடுக்கும் ஒரு டாக்சிக்காரரின் நம்பர் எப்போதும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஷிஃப்டை முன்கூட்டியே மாற்றித்தர முடியுமா என்று மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

முடிவு பண்ணுவதற்கு முன் டெஸ்ட் டிரைவுக்கு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்குக் கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிலையில் குனியாமல் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழ முடிகிறதா என்று இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கை எதுவோ, அது கதவில் இடிபடாத பக்கமாக உட்காரவைத்துப் பாருங்கள். உயரம் சரியில்லை என்று அவர் சொன்னால், அதே விலையில் கொஞ்சம் உயரமான சீட் உள்ள சின்ன வண்டிகள் இரண்டு மூன்று இருக்கின்றன, அவற்றையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், இரண்டில் ஒன்று என்று நிற்கும்போது நானும் உடன் யோசிக்கிறேன்.